கோளா, குறுமீனா? ‘கோண்மீன்’ என்ற சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

வியாழனைப்போல் ஏறத்தாழ ஐந்து முதல் பதின்மூன்று மடங்கு வரை நிறை கொண்டு, எந்த விண்மீனையும் சுற்றாமல் தனித்திருக்கும் பொருள்களுக்குத் தமிழ்ப் பெயராக இங்கே முன்மொழியப்பட்ட ‘தறிகெட்ட கோள்’ (rogue planet), ‘கீழ்ப்பழுப்புக் குறுமீன்’ (sub-brown dwarf, அதாவது கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட பழுப்புக் குறுமீனைவிட நிறை குறைந்தது) ஆகிய இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. தறிகெட்டது என்றால் முன்பு கட்டியிருந்த தறி ஒன்று உண்டு என்றாகிறது. அதாவது, ஒரு விண்மீனைச் சுற்றிவந்து பின்னர் வெளியே வீசப்பட்டது என்று அச்சொல்லே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. மற்றச் சொல்லோ, விண்மீனைப்போல் வளிமுகில் சுருங்கிப் பிறந்தது என்கிறது. இவ்விரண்டில் எது நடந்தது என்பதுதான் பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை.

2014இல் அறிவிக்கப்பட்ட வைஸ் 0855-0714 என்ற இத்தகைய தனித்த பொருள் நம்மிடமிருந்து ஏழரை ஒளியாண்டுக்கும் குறைவான தொலைவில் இருந்தும், அதன் நிறையை வியாழனைப்போல் மூன்று முதல் பத்து மடங்கு என்றுதான் சொல்ல முடிகிறது. இத்தகைய பொருள்கள் வாழ்நாள் முழுதும் குளிர்ந்துகொண்டே இருப்பதால், வயது முதிர்ந்த கனமான ஒன்றும் இளமையான இலேசான ஒன்றும் ஒரே அளவு மங்கலாகத் தெரியக்கூடும். வயது தெரியாவிட்டால் நிறையும் உறுதிப்படாது.

கோளையும் பழுப்புக் குறுமீனையும் பிரிக்கும் பதின்மூன்று மடங்கு என்ற எல்லை, டியூட்டிரியம் (கன ஹைட்ரஜன்) அணுக்கருக்கள் பிணைந்து எரியத் தொடங்கும் நிறையைக் கொண்டு வகுக்கப்பட்டது. அதுவும் கூர்மையான கோடன்று. பொருளில் உள்ள ஹீலியம், கன தனிமங்கள் ஆகியவற்றின் அளவுக்கேற்ப அது ஏறத்தாழ பதினொன்றிலிருந்து பதினாறு வரை நகரும். அந்த எரிதல் நடந்து முடிந்ததா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்வதும் எளிதன்று. பச்சோந்தி விண்மீன்தொகுதியில் உள்ள சா 1107-7626 என்ற தனித்த பொருள் ஐந்து முதல் பத்து வியாழன் நிறையே உடையது. ஆயினும் 2025இல் அது தன்னைச் சூழ்ந்த வளியும் தூசும் கொண்ட வட்டிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 600 கோடி டன் பொருளை விழுங்கியது பதிவாகியுள்ளது. பிறந்து வளரும் விண்மீனின் இயல்பு, கோளின் நிறையுள்ள ஒன்றிடம் காணப்படுகிறது.

ஆகவே, பிறப்பையும் எரிபொருளையும் பேசாத ஒரு பெயர் வேண்டும். ‘கோள்நிறைப் பொருள்’ அவ்வகையில் நேர்மையானது. எனினும் தமிழகப் பாடநூல்களில் ‘நிறை’ என்பதை இலங்கையில் ‘திணிவு’ என்பர். அங்கே ‘நிறை’ எடையைக் குறிக்கும். இரு கரையிலும் ஒரே பொருள் தராத சொல்லின்மேல் புதுச்சொல் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் முன்வைப்பது ‘கோண்மீன்’. கோளும் மீனும் புணர்ந்த இப்பழஞ்சொல், சங்கப் பாட்டில் நாண்மீனுக்கு (நாள்மீன், அதாவது நட்சத்திரம்) எதிர்நிலையாக வருவது. அங்கே அது கோளையே குறிக்கிறது என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் இன்றைய அறிவியல் உரைநடையில் அப்பொருளை ‘கோள்’ முழுமையாக ஏற்றுக்கொண்டுவிட்டதால், கோண்மீன் வேலையின்றி நிற்கிறது. ‘மீன்’ மின்னுதலோடு உறவுடைய சொல் என்பதும் பொருந்துகிறது, ஏனெனில் இப்பொருள்கள் தம் உள்வெப்பத்தால் அகச்சிவப்பில் ஒளிர்கின்றன.

வீசியெறியப்பட்டது உறுதியானால் அதனைத் ‘தனிக்கோள்’ என்று பிரித்துச் சொல்லலாம். 2004இல் படம்பிடிக்கப்பட்ட 2எம்1207பி போல, ஒரு பழுப்புக் குறுமீனுக்குத் துணையாக இருப்பவற்றுக்குக் கோண்மீன் என்பதை நீட்ட வேண்டாம் என்பது என் கருத்து. இச்சொல் தனித்திருப்பவற்றுக்கு மட்டும் நிற்கட்டும்.