பந்து மெதுவா போகுது, நாளைக்கு காட்டணும் (அவசர உதவி)

பதினொண்ணு_பி | வெள்ளி, இரவு 9:12
எல்லாருக்கும் வணக்கம். பந்து குதிக்கிற அனிமேஷன் பண்ணிருக்கேன். மிஸ் சொன்ன மாதிரியே தான் எல்லாம் வச்சேன். ஆனா பந்து ரொம்ப மெதுவா போகுது. கிளாஸ்ல மிஸ் பண்ணிக் காட்டினப்ப டொக் டொக்னு குதிச்சுது. எனக்கு மட்டும் தண்ணிக்குள்ள போட்ட மாதிரி வருது. நாளைக்கு காலைல லேப்ல காட்டணும். யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

நெல்லை_நிழல் | 9:15
எதுல பண்ணுனீங்க? ஸ்கிராட்ச்சா, பென்சில்2டியா, ப்ளெண்டரா? எந்த வெர்ஷன்? "எல்லாம் வச்சேன்"னா என்னத்த எல்லாம்?

எட்டுஜிபி | 9:16
ரேம் எவ்ளோ? 4 ஜிபின்னா மேல படிக்கவே வேண்டாம், அதான் காரணம். எங்க அத்தை பையன் லேப்டாப்லயும் இதே கதை. 8 போட்டதும் பறந்துச்சு.

ரெண்டர்_பெரியப்பா | 9:21
இதே கேள்வி இங்க எத்தனையோ தடவை வந்தாச்சு. தேடிப் பாக்குற பழக்கமே யாருக்கும் கிடையாது. தம்பி, பந்தை வச்சே இந்தத் திண்டாட்டம்னா மனுசனை நடக்க வைக்கிறப்ப என்ன பண்ணுவ? ரிஜிட் பாடி போட்டு விடு, கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு பந்து தானா குதிக்கும். கையால கீஃப்ரேம் வச்சு, எந்த நேரத்துல பந்து எங்கன்னு ஒண்ணொண்ணா சொல்லி மாரடிக்கிறது எல்லாம் பழைய ஃபிளாஷ் மென்பொருள் காலத்தோட போச்சு.

லேப்_டீச்சர் | 9:28
ரிஜிட் பாடி போட்டாலும் தானா குதிக்காது சார். பவுன்ஸினெஸ், அதாவது துள்ளுற அளவு, ஆரம்பத்துல 0-ல தான் இருக்கும். பந்துக்கு மட்டும் ஏத்தினா போதாது, தரைக்கும் ஏத்தணும். இல்லேன்னா மாவு உருண்டை மாதிரி தொப்புனு விழுந்து கிடக்கும். அதோட, கையால கீஃப்ரேம் வச்சுப் பழகுறதுக்குத் தான் இந்தப் பயிற்சியே. கம்ப்யூட்டரே குதிக்க வச்சுட்டா பிள்ளைங்க எதைக் கத்துக்கும்?

கண்ணு, நெல்லை_நிழல் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லு. எந்த மென்பொருள்?

பதினொண்ணு_பி | 9:40
சாரி மிஸ், சாப்பிடப் போயிட்டேன். ப்ளெண்டர். லேப்ல 2.79, வீட்ல அண்ணன் லேப்டாப்ல 4 ஏதோ. இப்ப அண்ணன் லேப்டாப்ல தான் பண்றேன். ரேம் 8.

நான் தம்பி இல்ல, பொண்ணு.

எட்டுஜிபி | 9:41
8 இருந்தும் மெதுவான்னா பின்னாடி குரோம் ஓடுது. மூடிப் பாருங்க.

நெல்லை_நிழல் | 9:44
ப்ளே பண்றப்ப பந்து தெரியுற ஜன்னலோட இடது மேல் மூலைல ஒரு நம்பர் வரும், எஃப்.பி.எஸ்னு. அது எவ்ளோ? வெள்ளையா இருக்கா சிவப்பா இருக்கா?

பதினொண்ணு_பி | 9:47
சிவப்பு. 6.8, 7.1னு மாறிட்டே இருக்கு

நெல்லை_நிழல் | 9:52
பிடிச்சாச்சு. சிவப்புன்னா லேப்டாப் மூச்சு வாங்குதுன்னு அர்த்தம். நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 படம், காட்ட வேண்டியது 7 தான் காட்டுது. ப்ளெண்டர் ஒரு பிரேமையும் விடாம வரிசையா ஓட்டும், அதான் இழுக்குது. டைம்லைன்ல பிளேபேக்னு ஒரு மெனு இருக்கு, அதுக்குள்ள சிங்க். "பிளே எவ்ரி ஃபிரேம்"னு இருக்கிறத "ஃபிரேம் டிராப்பிங்"னு மாத்துங்க. நடுவுல சில பிரேம் விட்டுப்போகும், ஆனா நேரம் சரியா இருக்கும்.

ஆனா வெறும் பந்துக்கு 7 வரக்கூடாதே. பந்துக்கு ஏதாச்சும் மாடிஃபையர் போட்டீங்களா?

பதினொண்ணு_பி | 9:55
கட்டம் கட்டமா இருந்துச்சுன்னு சப்டிவிஷன் போட்டேன். வழவழன்னு வரணும்னு 6 வச்சேன்

நெல்லை_நிழல் | 9:58
6-ஆ!! சும்மா யூவி ஸ்பியர்னு ப்ளெண்டர் பந்தைப் போட்டாலே 512 முகம், அதாவது பந்தை மூடுற குட்டித் துண்டு. முதல் லெவல்ல அது 1,984 ஆகும். அதுக்கப்புறம் ஒவ்வொரு லெவலுக்கும் நாலு மடங்கு. 6-ல 20 லட்சத்துக்கு மேல வந்து நிக்கும். ஒரு ரப்பர் பந்துக்கு 20 லட்சம் முகம் எதுக்கும்மா? மாடிஃபையரை எடுத்துட்டு, பந்து மேல வலது கிளிக் பண்ணி ஷேட் ஸ்மூத் குடுங்க. பாக்க வழவழன்னு தான் இருக்கும்.

எட்டுஜிபி | 10:01
நான் அப்பவே சொன்னேன், மெஷின் தாங்கலன்னு.

ரெண்டர்_பெரியப்பா | 10:03
நீ சொன்னது ரேம். இது ஜியாமெட்ரி. ரெண்டும் ஒண்ணில்ல.

பதினொண்ணு_பி | 10:06
எடுத்துட்டேன், 24 வெள்ளையா வருது! ஆனா இப்பவும் மெதுவாத்தான் இருக்கு. முன்ன விட பரவால்ல. தரைகிட்ட வரும்போது அப்படியே மெல்ல இறங்கி ஒக்காருது. பாதி பந்து தரைக்குள்ளயும் போயிடுது.

தூர்தர்ஷன்_ரசிகன் | 10:08
24 தப்பு. நம்ம நாட்டுக்கு 25 தான். அவுட்புட்ல மாத்துங்க, சரியாயிடும்.

பென்சில்சீவி | 10:10
25-க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். தங்கச்சி, எந்தெந்த பிரேம்ல இசட், அதாவது உயரம், என்ன மதிப்பு குடுத்திருக்க? ஒண்ணு விடாம எழுது.

பதினொண்ணு_பி | 10:13
1-ல 5, 50-ல 0, 100-ல 5, 150-ல 0, 200-ல 5, 250-ல 0. டைம்லைன்ல 250 இருந்துச்சு, சமமா பிரிச்சேன்

தூர்தர்ஷன்_ரசிகன் | 10:14
சம்பந்தம் எப்படி இல்லாம போகும்? நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதுல பாதி 25. டிவி அப்படித்தான் வந்துச்சு. 24 சினிமாவுக்கு, பேசும்படம் வந்த காலத்துல வச்சது. ஸ்கூல் பிள்ளைங்க பண்றது சினிமாவா?

ரெண்டர்_பெரியப்பா | 10:17
டிவியும் இல்ல, பென்டிரைவ்ல போற வீடியோ. இன்னைக்கு எந்த போனும் 24, 25, 30 எல்லாத்தையும் ஓட்டும். இந்தச் சண்டையே வேஸ்ட். ஃபிளாஷ்ல 12 வச்சே எத்தனை படம் பண்ணிருப்போம்.

பென்சில்சீவி | 10:31
தங்கச்சி, நீ எழுதின நம்பரைப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு. கோளாறு ஒண்ணில்ல, நிறைய இருக்கு. நெல்லை அண்ணன் ஒண்ணைத் தீத்துட்டாரு. மிச்சத்தை நான் சொல்றேன், பொறுமையா படி.

பாதி பந்து தரைக்குள்ள போறது ஏன்னா, இசட் மதிப்பு பந்தோட நடு மையத்துக்கு. பந்தோட ஆரம் 1. மையம் 0-க்கு வந்தா கீழ்ப்பாதி தரைக்குள்ள தான் இருக்கும். தரையைத் தொடுற இடம் இசட் 1. அப்ப மேல 6, கீழ 1னு வச்சுக்க.

அடுத்தது நேரம். +1 இயற்பியல்ல தடையின்றி விழும் பொருள் படிச்சிருப்பியே. 5 மீட்டர் உயரத்துலருந்து விழ 1 நொடி ஆகும், அதாவது 24 பிரேம். நீ 49 பிரேம் குடுத்திருக்க. கணக்குப் போட்டா உன் பந்து விழுற ஊர்ல ஈர்ப்பு 2.4. நிலாவுல 1.6, செவ்வாய்ல 3.7. ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ போய் பந்து விளையாடுற.

24 வச்சாலும் கண்ணுக்கு மெதுவாத்தான் தெரியும். ஏன்னா ப்ளெண்டர் குடுக்குற பந்து 2 மீட்டர் அகலம், வாசக்கதவு உயரம் வரும். ஆனா பாக்குறவங்க மனசுல அது கால்பந்து. கால்பந்து 22 சென்டிமீட்டர். உன் பந்து விழுற தூரம் ரெண்டரைப் பந்து அளவு, அப்ப 55 சென்டிமீட்டர். அந்தத் தூரம் விழ மூணுல ஒரு பங்கு நொடி, 8 பிரேம்! 49 எங்க, 8 எங்க?

அப்புறம் எல்லாத் தடவையும் ஒரே உயரத்துக்கு எந்தப் பந்தும் எழும்பாது. டென்னிஸ் பந்துக்கு விதியே இருக்கு: 254 சென்டிமீட்டர்லருந்து போட்டா 135-லருந்து 147 வரைக்கும் எழும்பணும். பாதிக்குக் கொஞ்சம் மேல. உயரம் குறையக் குறைய நேரமும் குறையும். இப்படி வை:

1-ல 6
9-ல 1
15-ல 3.75
21-ல 1
25-ல 2.5
29-ல 1
32-ல 1.8
35-ல 1

எண்ட் பிரேமை 48 ஆக்கிடு. பழைய கீஃப்ரேம் எல்லாத்தையும் முதல்ல அழிச்சுடு.

பதினொண்ணு_பி | 10:44
வச்சுட்டேன் அண்ணா. இப்ப வேகமா இருக்கு!! ஆனா தரைல படும்போது இன்னும் மெத்துனு இருக்கு. டொக்னு அடிக்கல

பென்சில்சீவி | 10:52
அது தான் கடைசி. கிராஃப் எடிட்டரைத் திற, ஹோம் கீயை அமுக்கு. இசட் கோடு மேலயும் கீழயும் உருண்டையா ஊஞ்சல் மாதிரி இருக்கும். ப்ளெண்டர் எந்தக் கீஃப்ரேமா இருந்தாலும் மெல்லக் கிளம்பி மெல்ல நிக்கிற மாதிரி தான் வைக்கும். கார் சிக்னல்ல நிக்கிறதுக்கு அது சரி. பந்து தரைல அடிக்கிற நேரத்துல தான் முழு வேகத்துல இருக்கும், அங்க போய் மெல்ல நிப்பாட்டினா பஞ்சு மூட்டை தான்.

தரையைத் தொடுற 9, 21, 29, 35 நாலு புள்ளியை மட்டும் தேர்வு பண்ணி வி அமுக்கு, வெக்டர் குடு. கோடு கீழ முனையா வந்துடும். மேல இருக்கிற புள்ளியைத் தொடாதே, அங்க உருண்டையாவே இருக்கட்டும். பந்து உச்சில ஒரு கணம் தயங்கும் பாரு, அந்தத் தயக்கம் அதனால தான்.

வெக்டர் வச்சா ஏறக்குறைய சரியா இருக்கும். இன்னும் நறுக்குனு வேணும்னா அந்தப் புள்ளிலருந்து நீட்டிக்கிட்டு இருக்கிற ஹேண்டிலைப் பிடிச்சு நேரா மேல இழு, அந்தத் துள்ளலோட உயரத்துல மூணுல ரெண்டு பங்கு வரைக்கும். நிஜமா விழுற பொருளோட வளைவு வந்துடும்.

நம்பிக்கை வரலேன்னா நோட்டு ஓரத்துல புள்ளி வை. உச்சிலருந்து 1, 3, 5, 7னு இடைவெளி விட்டுக்கிட்டே கீழ வா. மேல நெருக்கமா, கீழ அகலமா வரும். உன் பழைய கோட்டுல கீழயும் நெருக்கமா இருந்துச்சு. அந்த நெருக்கம் தான் மெத்து.

ரெண்டர்_பெரியப்பா | 10:58
இதுக்குத் தான் ஃபிளாஷ்ல வேகத்தைக் கூட்டக் குறைக்க ஈஸ்னு ஒரே ஒரு நம்பர் இருந்துச்சு. -100 போட்டா முடிஞ்சுது. ஆரம்பத்துல எதுவும் போடாம நேர்கோடா தான் இருக்கும், இப்படி ஏமாத்தாது. அஞ்சு நிமிஷ வேலை. இப்ப பிள்ளைங்கள நேரா 3டில தள்ளி விடுறாங்க.

தூர்தர்ஷன்_ரசிகன் | 11:02
ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31 ஓட செத்துப்போச்சு பெரியப்பா. இன்னும் எத்தனை நாளைக்கு அதுக்கே திதி குடுப்பீங்க?

ரெண்டர்_பெரியப்பா | 11:05
செத்தது பிளேயர். வரையுற மென்பொருள் 2016-லருந்து அனிமேட்ங்கிற பேர்ல வந்துச்சு. தெரியாம பேசாதீங்க.

தூர்தர்ஷன்_ரசிகன் | 11:06
காசு குடுத்து வாங்கணுமே, ஸ்கூல்ல யார் குடுப்பா?

லேப்_டீச்சர் | 11:10
ரெண்டு பேரும் அந்தச் சண்டைய தனி இழைல வச்சுக்கோங்க, பிள்ளைக்கு நாளைக்கு வகுப்பு இருக்கு.

கண்ணு, ஒரு முக்கியமான விஷயம். 4-ல சேமிச்ச ஃபைலை லேப்ல 2.79-ல திறந்து காட்டலாம்னு நம்பிப் போகாதே. எங்க லேப்லயும் 2.79 தான். 2.8 கிராபிக்ஸுக்கு ஓபன்ஜிஎல் 3.3 கேக்குது, பழைய சிஸ்டம்ல அது கிடையாது. வீடியோவா எடுத்துட்டுப் போயிடு. அவுட்புட்ல எஃப்எஃப்எம்பெக் தேர்வு பண்ணு. கன்டெய்னர் மட்ரோஸ்கான்னு இருந்தா எம்பெக்-4 ஆக்கு. வியூ மெனுல வியூபோர்ட் ரெண்டர் அனிமேஷன் குடு. 48 பிரேம் தானே, நிமிஷத்துல முடிஞ்சிடும்.

பந்து நசுங்குறது, நீளுறது எல்லாம் இப்ப ஆரம்பிக்காதே.

பதினொண்ணு_பி | 11:24
டொக்னு அடிக்குது!!!! ரெண்டர் ஆச்சு மிஸ், ஆனா வீடியோ எங்கயும் இல்ல

லேப்_டீச்சர் | 11:26
சி டிரைவ்ல டிஎம்பினு ஒரு ஃபோல்டர் இருக்கும், அங்க பாரு. அவுட்புட் பாதை மாத்தலேன்னா அங்க தான் போடும். 0001-0048னு பேர் இருக்கும்.

எட்டுஜிபி | 11:40
கிடைச்சுதா?

தூர்தர்ஷன்_ரசிகன் | சனி, காலை 7:05
24-ல தான் ரெண்டர் பண்ணாங்களா?

நெல்லை_நிழல் | சனி, மாலை 6:30
என்னாச்சும்மா, காட்டுனீங்களா?

பதினொண்ணு_பி | செவ்வாய், இரவு 8:51
டிஎம்பில இருந்துச்சு. மிஸ் பாத்துட்டு நல்லாருக்குன்னாங்க. நோட்டுல புள்ளி வச்சதையும் காட்டினேன், அதை போர்டுல வரைய சொன்னாங்க. அடுத்த வாரம் பந்துக்கு வால் வச்சுட்டு வரச் சொல்லிருக்காங்க. அண்ணா, வால் ஆடவே மாட்டேங்குது, கம்பி மாதிரி நிக்குது

பென்சில்சீவி | 8:58
புது இழை போடு. வால்ல எத்தனை எலும்பு, எந்தெந்த பிரேம்ல கீ, எந்த வெர்ஷன், எல்லாத்தையும் முதல்லயே எழுது.

ரெண்டர்_பெரியப்பா | 9:02
அப்படியே தேடியும் பாரு தம்பி.

பதினொண்ணு_பி | 9:03
தங்கச்சி.