அன்னை தெரசா சபையோடு கொல்கத்தா தெருக்களில் போனவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சியால்டா பயணி:
வாலண்டியராகப் போனவர்களுக்கு நடைமுறை தெரியும். காலையில் சபையின் தலைமை இல்லமான மதர் ஹவுஸில் டீ, பிரெட், வாழைப்பழம், ஜெபம், அப்புறம் ஆளுக்கொரு இல்லம். எனக்குக் கிடைத்தது ரயில்வே ஸ்டேஷன். சியால்டாவில் படுத்துக் கிடப்பவர்களில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் புண் என்று பார்த்து, சம்மதித்தால் அழைத்துப் போக வேண்டும்.

பெரியவர் ஒருவர். கணுக்காலில் ஈ மொய்க்கும் புண், பக்கத்தில் சிமெண்ட் சாக்கு மூட்டை. வந்தால் மூட்டை போய்விடும் என்ற பயம் அவருக்கு. எங்களோடு வந்த பிரதர் பிளாட்பாரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து நோட்டை எடுத்தார். அலுமினியத் தட்டு, காலி பாட்டில், சாவி இல்லாத பூட்டு, கிழிந்த ஸ்வெட்டர், பிளாஸ்டிக் கவரில் ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, எழுதி, திரும்ப உள்ளே வைத்தார். கடைசியில் தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார். பெரியவர் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அப்படியும் வரவில்லை. புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். மறுநாள் ஆள் அங்கே இல்லை. "வரமாட்டேன் என்பவரைத் தூக்கிக்கொண்டு போவது நம் வேலையில்லை" என்றார் பிரதர். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அந்தக் காலோடு ஒருவரை விட்டுவிட்டு வரலாமா?

நாகர்கோவில் நர்ஸ்:
விடக்கூடாதுங்க. கால் அழுகினா ரத்தத்துல விஷம் ஏறி ஆளே போயிடுவாங்க.

நான் இருந்தது காளிகாட் நிர்மல் ஹிருதய்ல, சாகக் கிடக்கிறவங்களுக்கான சபை இல்லம். காளி கோயில் ஒட்டினாப்ல இருக்குமே, யாத்ரீகர் சத்திரத்தைக் கார்ப்பரேஷன் கொடுத்து 1952-ல ஆரம்பிச்சது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல நினைவில்லாம கிடந்த அம்மாவைக் கொண்டுவந்தாங்க. குதிகால் பூரா புழு. டர்பன்டைன் விட்டதும் ஒவ்வொண்ணா வெளியே வருது, சிஸ்டர் ஃபோர்செப்ஸால எடுத்து ட்ரேயில போடறாங்க. நடுவுல அந்த அம்மாவுக்கு நினைவு வந்து சிஸ்டர் கையைத் தட்டி விட்டுட்டாங்க. சிஸ்டர் ஃபோர்செப்ஸைக் கீழே வச்சிட்டு சும்மா உட்கார்ந்துட்டாங்க. நான் காலைப் பிடிச்சுக்கவான்னு கேட்டேன். வேண்டாம்னு தலையசைச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அந்த அம்மாவே காலை நீட்டினாங்க. அந்தக் கால் நீண்டது இப்பவும் கண்ணுல நிக்குது.

ஆனா நினைவில்லாதப்போ தூக்கிட்டு வந்ததாலதானே பொழைச்சாங்க? அதையும் யோசிங்க.

கேள்வி கேட்பவன்:
உணர்ச்சியை மதிக்கிறேன். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. லான்செட் மருத்துவ இதழின் அப்போதைய ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் அந்த இல்லத்தைப் பார்த்துவிட்டு 1994-ல் எழுதினார். குணமாகக்கூடிய நோயாளியைப் பிரித்தறியும் முறை போதாது, வலுவான வலிநிவாரணி இல்லை என்றார். சுத்தத்தையும், புண்களைக் கவனித்த விதத்தையும், அன்பையும் பாராட்டியவரும் அவரேதான். சாகக் கிடப்பவருக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதும் சேவையில் சேர்த்திதானே?

மதர் ஹவுஸ் இருக்கும் ஏ.ஜே.சி. போஸ் சாலையில் நான் நடந்து போகும்போது, நடைபாதையில் இருந்த அம்மா ஒருவர் ஒரு சிஸ்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சிஸ்டரும் அவரைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார். இருவரும் ஏதோ குடும்பச் சண்டை பேசுவதுபோல வெகுநேரம் பேசினார்கள். அதை மறக்கவில்லை. என் கேள்வியையும் விடவில்லை.

நாகர்கோவில் நர்ஸ்:
அண்ணா, அந்தக் கட்டுரையைப் பத்தி எங்களுக்கு காலேஜ்லயே சொல்லியிருக்காங்க. கேள்வி நியாயம்தான். நான் பார்த்ததைச் சொல்றேன். இந்து இறந்தா உதட்டுல கங்கை நீர், முஸ்லிம்னா குர்ஆன் ஓதல். மருந்து விஷயத்துல உங்க பக்கம்தான் நான்.

சென்ட்ரல் எதிரில்:
என் கதை சின்னது. சென்னை சென்ட்ரல் எதிரே ஒருத்தர், கோடையில மூணு சட்டை போட்டு, தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கிட்டு இருந்தார். சாப்பாட்டுப் பொட்டலம் நீட்டினேன், பிரிச்சு மோந்து பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இப்போ சியால்டா நண்பருக்கு. நீங்க கேட்டதுக்குச் சட்டத்துலயே பதில் இருக்கு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100. மனநோயோட தெருவில் திரியறவர், தன்னைத்தானே பார்த்துக்க முடியாதவர்னு தெரிஞ்சா பாதுகாப்புல எடுக்க வேண்டியது அந்த எல்லை போலீஸ் பொறுப்பு. 24 மணி நேரத்துக்குள்ள அரசு மருத்துவ நிலையத்துல காட்டணும். லாக்கப்ல வைக்கக்கூடாது. அதனால அவர் தெளிவா "வேண்டாம்"னு சொல்றாரா, குழம்பியிருக்காரான்னு முதல்ல பாருங்க. தெளிவா இருந்தா பிரதர் செஞ்சதுதான் சரி. குழப்பம்னா போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுங்க, நகல் வாங்கிக்கோங்க. இரவுத் தங்குமிடம் எங்கே இருக்குன்னும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, ஒரு லட்சம் பேருக்கு ஒண்ணாவது நகரங்கள்ல இருக்கணும்னு 2010-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. மறுநாளும் அதே ஆள் போங்க, முகம் மாறினா நம்பமாட்டாங்க. வாட்ஸ்அப்புல போட்டோ போடாதீங்க, தேடிட்டு இருக்கிற குடும்பமும் பார்க்கும், அவரைத் துரத்தின குடும்பமும் பார்க்கும்.

சியால்டா பயணி:
நன்றி. பெரியவர் குழம்பியிருக்கவில்லை. பிரதர் ஒரு பொருளை எழுதாமல் விட்டபோது, விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டியவர் அவர்தான்.

ஹவுரா கணக்கர்:
எல்லோரும் காளிகாட்டிலேயே நிற்கிறீர்கள். டிட்டாகர் போங்கள். ரயில் பாதையோரம் குடிசை போட்டிருந்த தொழுநோயாளிகளுக்காக வந்த இடம், காந்திஜி பிரேம் நிவாஸ், பிரதர்கள் நடத்துவது. சிஸ்டர்கள் உடுத்தும் நீலக்கரைப் புடவை அங்கேதான் நெய்யப்படுகிறது, நெய்கிறவர்கள் தொழுநோய் வந்து குணமானவர்கள்.

தறியில் ஒருவருக்குப் பாவு இழை அறுந்தது. இரு கையிலும் விரல்கள் பாதி. உதவப் போன என்னைப் பார்க்கவே இல்லை. மிச்சமிருந்த கட்டைவிரலால் இழையை அழுத்தி, மறுமுனையைப் பல்லால் இழுத்து முடிந்துவிட்டு மறுபடி மிதியை மிதித்தார். கூட்டு மருந்துச் சிகிச்சையில் நோய் எப்போதோ போய்விட்டது, ஊர்தான் திரும்ப ஏற்கவில்லை. கேள்வி கேட்பவர் அண்ணாச்சி, வலிநிவாரணி பற்றிக் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். குணமானவருக்கு வேலையும் கூலியும் யார் கொடுப்பது என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள்.

சியால்டாவில் மெயின் லைன் லோக்கல் பிடித்தால் டிட்டாகரில் இறங்கலாம். முன்கூட்டியே பிரதர்களிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். கேமராவை வெளியே எடுக்க வேண்டாம்.