பொய்க்குரலில் எட்டிய சுரம் ரேஞ்ச் கணக்கில் சேருமா?

புதூர் கீபோர்டு:
வேனுக்குள் ஆரம்பித்த சண்டை, இங்கே கொண்டு வந்து கொட்டுகிறேன். போன வாரம் மேலூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் பாட்டுப் போட்டி, எங்கள் குழுதான் வாசித்தது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், சரணத்தில் பாட்டு உச்சிக்குப் போகிற இடத்தில் கத்தாமல் குரலை மெலிதாக்கி ஃபால்செட்டோ என்கிற பொய்க்குரலில் தொட்டுவிட்டு, அதே மூச்சில் சொந்தக் குரலுக்கு இறங்கினான். எங்கே ஏறினான், எங்கே இறங்கினான் என்று எனக்கே தெரியவில்லை. நடுவர்களில் ஒருவர் மைக்கை வாங்கி, “இது கள்ளத்தொண்டை, எட்டாவிட்டால் சுருதியை இறக்கிப் பாட வேண்டியதுதானே” என்று சொல்லி மதிப்பெண்ணை வெட்டிவிட்டார். மூன்றாம் பரிசுகூட இல்லை. அடுத்து வந்தவன் அதே மாதிரி இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான், சுருதி கால் பங்கு கீழே நின்றது, அவனுக்கு இரண்டாம் பரிசு. நியாயமா இது?

சோழவந்தான் பழையவர்:
நடுவர் செய்தது சரி. நான் வைகைக்கு வடகரை, ஆற்றைத் தாண்டினால் தென்கரை, நடிகரும் பாடகருமான டி.ஆர். மகாலிங்கம் பிறந்த ஊர். 1924இல் பிறந்த மனிதர், பாலர் நாடகத்தில் பாடி வளர்ந்தவர், மகரக்கட்டு உடைந்து குரல் மாறிய பிறகும் அந்த உச்சத்தை விடவில்லை. அவர் மேலே போகும்போது குரல் நூலாகவில்லை, என் காதுக்கு அது கடைசி வரைக்கும் கயிறுதான். நாடக நடிகர் கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள், நாடகக் கொட்டகையில் மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். இப்போது பாப் பாடுகிற பையன்கள் ஏற முடியாத இடம் வந்தால் காற்றை ஊதிவிட்டு ‘ஃபீல்’ என்கிறார்கள். ஏணி வைத்துப் பறித்த மாங்காயை எம்பிப் பறித்த கணக்கில் எழுதக் கூடாது தம்பி.

ஹெட்போன் தம்பி:
பெரியவரே, உலகமே ஒத்துக்கொண்ட விஷயத்துக்கு நீங்கள் ஏணி கணக்குச் சொல்கிறீர்கள். பிரின்ஸ் 1986இல் ஏறக்குறைய ஒரு பாட்டு முழுக்க ஃபால்செட்டோவில் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். மைக்கேல் ஜாக்சன், வீக்எண்ட், நம்ம சித் ஸ்ரீராம் எல்லோரும் கள்ளர்களா? க்வீன் குழுவின் ஃப்ரெடி மெர்குரிக்கு நாலு ஆக்டேவ் ரேஞ்ச், அதாவது நாலு ஸ்தாயி வீச்சு, அதில் உச்சிப் பகுதி ஃபால்செட்டோ. அதை வெட்டிவிட்டால் அவர் சாதாரணப் பாடகரா?

சுருதிப்பெட்டி:
அண்ணாநகரில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள் நான், இரண்டு பக்கமும் தப்பு இருப்பதால் உள்ளே வருகிறேன். முதலில் தம்பி, நாலு ஆக்டேவ் என்பது ரசிகர்கள் ஊதியது. 2016இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் ஃப்ரெடியின் பதிவுகளை அளந்து பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது 37 அரைச்சுரம், அதாவது மூன்று ஸ்தாயிக்கு ஒரு பொட்டு மேலே. பேட்டிகளில் அவர் பேசின குரல் 117 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது வினாடிக்கு 117 அதிர்வு, அது பாரிடோன் என்கிற நடுத்தர ஆண் குரலின் உயரம். பேசும்போது அவ்வளவு தணிந்த குரல்காரர் மேலே அப்படிப் போனார் என்பதுதான் வியப்பே, நாலா மூன்றா என்பது இல்லை.

அப்புறம் பெரியவர் ஐயாவுக்கு. தொண்டையில் ஏணியும் கிடையாது, திருட்டும் கிடையாது. குரல்நாண் முழுத் தடிமனோடு சேர்ந்து அதிர்ந்தால் நாம் சொந்தக் குரல், நெஞ்சுக்குரல் என்கிறோம். நாணுக்குள் இருக்கும் தசை தளர்ந்து, முன்னால் இருக்கும் இன்னொரு தசை அதை இழுத்து நீட்டும்போது ஓரம் மட்டும் மெலிதாக அதிரும், பல பேருக்கு அது முழுசாக மூடாது, காற்றும் கொஞ்சம் கசியும், அதுதான் ஃபால்செட்டோ. சுங்குடிச் சேலையை இரண்டு பேர் பிடித்து முழுசாக உதறுவதற்கும், கொடியில் காயும்போது முந்தானை ஓரம் மட்டும் படபடப்பதற்கும் உள்ள வித்தியாசம். சேலை ஒன்றுதானே!

சோழவந்தான் பழையவர்:
சேலை ஒன்றுதான் அம்மா, ஓரத்தை மட்டும் காட்டி முழுச் சேலை விலையைக் கேட்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

புதூர் கீபோர்டு:
ஹா, இதற்கு அக்காதான் பதில் சொல்ல வேண்டும்.

சுருதிப்பெட்டி:
சொல்கிறேன். ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிற ஆணுக்கு மேல் ஸட்ஜம் 262 ஹெர்ட்ஸ், மேல் பஞ்சமம் 392. கச்சேரிப் பாடகர்கள் பெரும்பாலும் அந்தப் பஞ்சமத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். பெரும்பாலான ஆண்களுக்குக் குரல் ‘உடைகிற’ இடமும் அதற்குள்தான், மேல் காந்தாரம், மத்யமம் பக்கம். நாற்பது வயது ஆள் என்னிடம் கற்றுக்கொள்ள வந்தாலும் அந்த இடத்தில் சைக்கிள் செயின் கழன்ற மாதிரி ஒரு சத்தம் வரும். நம் சங்கீதம் அந்த எல்லைக்குள்ளேயே ஆயிரம் வேலை வைத்திருக்கிறது, அதனால் தாண்ட வேண்டிய தேவை பெரிதாக வரவில்லை. பாப் பாட்டு அந்த எல்லைக்கு வெளியேயும் வீடு கட்டியது. 1985இல் நார்வேயின் ஆ-ஹா குழு உலகம் முழுக்க ஓடவிட்ட பாட்டைக் கேட்டிருப்பீர்கள். மார்ட்டன் ஹார்கெட் அதில் கீழே 110 ஹெர்ட்ஸில் தொடங்கிப் பல்லவியில் படிப்படியாக ஏறி 659 வரை போகிறார். கடைசிப் படி ஃபால்செட்டோதான். அந்தப் படியை நெஞ்சுக்குரலில் பாடச் சொன்னால் பாட்டே வேறு ஆகிவிடும், ஏக்கமாக இருந்தது அதட்டலாகிவிடும்.

செல்லூர் எக்கோ:
மைக் செட் வைக்கிறவன் பக்கமும் கேளுங்கள். பெரியவர் சொன்ன கடைசி வரிசை விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நெஞ்சுக்குரலில் மேல் அதிர்வுகள் நிறைய இருக்கும், கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும். ஃபால்செட்டோவில் அடிச்சுரம் மட்டும் தூக்கலாக இருக்கும், மேல் அதிர்வுகள் ரொம்பக் குறைவு, அதனால்தான் புல்லாங்குழல் மாதிரி மெத்தென்று இருக்கிறது. அது மைக்கை நம்பிப் பிறந்த குரல். ஆனால் மைக்கை நம்பாத பாடகர் இன்றைக்கு யார்? கேட்கிற விதம் மாறினால் பாடுகிற விதமும் மாறத்தான் செய்யும்.

இன்னொன்று. அன்று மேலூர்ப் பக்கம் செட் போட்டது நான்தான். நடுவர் மேஜையைக் கமிட்டிக்காரர்கள் இடது பாக்ஸ் ஹார்னுக்கு நேர் எதிரே, பத்தடிக்குள் போட்டுவிட்டார்கள், நகர்த்தச் சொல்லியும் கேட்கவில்லை. பையன் மெலிதாகப் பாடும்போது மைக்கை உதட்டுக்குக் கொண்டு வந்தான், நான் மைக் சத்தத்தையும் (கெயின்) ஏற்றினேன். அந்த இடத்தில் உட்கார்ந்தவருக்குக் காற்றுச் சத்தமும் ‘ஸ்ஸ்’ சத்தமும்தான் விழுந்திருக்கும். அவரை முழுசாகக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

புதூர் கீபோர்டு:
அடப்பாவி, ஒரு வாரமாக இதைச் சொல்லவே இல்லையே நீ!

ஹெட்போன் தம்பி:
சரி, நாலு ஆக்டேவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அக்கா. ஆனால் ரேஞ்ச் என்று ஒன்றை அளக்கத்தானே வேண்டும்? கின்னஸ் சாதனை எல்லாம் இருக்கிறதே, டிம் ஸ்டார்ம்ஸ் என்ற அமெரிக்கர் பத்து ஆக்டேவ் என்று.

சுருதிப்பெட்டி:
அதே ஆளுடைய மிகக் கீழ்ச் சுரம் என்று பதிவானது 0.189 ஹெர்ட்ஸ். கணக்குப் போடுங்கள், ஓர் அதிர்வுக்கு ஐந்து வினாடிக்கு மேல். மனிதக் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுரமாகக் கேட்காது. அடுத்த அதிர்வு வருவதற்குள் டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஜிகர்தண்டா வாங்கிவிடலாம். எண் மட்டும் போதும் என்றால் அங்கேதான் போய் நிற்போம். என் நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கோடு எழுதுவேன்: எங்கிருந்து எங்கு வரை சாகித்யத்தைத் தெளிவாகப் பாட முடிகிறது, எதுவரை வெறுமனே தொட முடிகிறது. ஃபால்செட்டோவிலும் சொல் விளங்கப் பாடினால் அது முதல் கோட்டில் சேரும். நெஞ்சுக்குரலாக இருந்தாலும் கத்தல் என்றால் இரண்டாவதில்தான்.

சோழவந்தான் பழையவர்:
இது கொஞ்சம் ஏற்கும்படி இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. முனிச்சாலையில் 2023இல் டி.எம்.எஸ்ஸுக்குச் சிலை வைத்தார்களே, அந்த மனிதர் அத்தனை வருஷம் பாடினாரே, உருக்கமான பாட்டில் மேலே போக இந்த உத்தி அவருக்குத் தேவைப்பட்டதா? உருக்கம் என்றால் மெலிய வேண்டும் என்று யார் சொன்னது? இப்போது வருகிற பாட்டுகளில் பத்துக்கு ஏழு இப்படி ஊதுகிறது. ஒரு பாட்டில் வந்தால் அலங்காரம், எல்லாப் பாட்டிலும் வந்தால் இயலாமை.

ஹெட்போன் தம்பி:
பத்துக்கு ஏழு என்பது நீங்களாகச் சொல்வது பெரியவரே.

சோழவந்தான் பழையவர்:
சரி, ஆறு.

புதூர் கீபோர்டு:
பெரியவர் சொன்ன இயலாமை பற்றி ஒரு கதை. பீ ஜீஸ் குழுவின் பாரி கிப்புக்கு அந்தக் குரல் இருப்பதே 1975 வரை தெரியாது. மியாமியில் ஒரு பதிவின்போது தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின், பாட்டின் கடைசியில் சுருதியோடு யாராவது கத்த முடியுமா என்று கேட்டிருக்கிறார். கத்தப் போனவருக்கு வந்தது இது. அப்புறம் டிஸ்கோ காலம் முழுக்க அந்தக் குரலில்தான் ஓடியது. அதற்கு முன்பே சொந்தக் குரலில் ஹிட் கொடுத்தவர், அதனால் முடியாமல் போய் ஒளிந்துகொண்ட இடம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன், எங்கள் குழுவிலேயே ஒரு பாடகர் இருக்கிறார், ஜலதோஷம் பிடித்தால் அவருக்கு எல்லா உச்சமும் ‘ஃபீல்’ ஆகிவிடும்.

சுருதிப்பெட்டி:
அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரே சுரத்தை நெஞ்சுக்குரலில் பிடிக்கச் சொல்லி, நிறுத்தாமல் மெல்ல ஃபால்செட்டோவுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், பிறகு திரும்ப வரச் சொல்லுங்கள். ஒளிந்துகொள்கிறவருக்கு நடுவில் செயின் கழலும். சாதகம் செய்தவரிடம் இரண்டு குரலும் சேரும் தையலே தெரியாது. இதற்கே மாதக் கணக்கில் சாதகம் வேண்டும், கத்துவதற்கு ஒரு வேளைச் சாப்பாடு போதும். கீபோர்டு தம்பி, அந்தப் பையன் அதே இடத்தை நெஞ்சுக்குரலில் பாடுவானா, கேட்டுப் பார்த்தீர்களா?

புதூர் கீபோர்டு:
நேற்றுக் கேட்டேன். இரண்டு விதமாகவும் போனில் பதிவு செய்து அனுப்பியிருக்கிறான். நெஞ்சுக்குரலிலும் எட்டுகிறான், சுருதி சுத்தம். ஆனால் முகம் சிவந்து பாடுவது காதிலேயே தெரிகிறது. அவன் அனுமதியோடு இரண்டையும் இங்கே போட்டிருக்கிறேன், கேளுங்கள்.

சோழவந்தான் பழையவர்:
கேட்டேன். மூன்று தரம் கேட்டேன், பேத்தியின் ஹெட்போனை வாங்கி இன்னொரு தரமும் கேட்டேன். அந்தச் சொல்லுக்கு மெலிந்து பாடியதுதான் பொருந்துகிறது, இதில் நான் பொய் சொல்ல மாட்டேன். இருந்தாலும் போட்டி என்று வந்தால் நெஞ்சுக்குரலில் பாடுகிறவனுக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

ஹெட்போன் தம்பி:
இது என்ன நியாயம்?

சோழவந்தான் பழையவர்:
வள்ளி திருமணம் விடிய விடியக் கேட்டு வளர்ந்த காது தம்பி, எழுபது வயதில் மாற்றச் சொல்லாதே.

செல்லூர் எக்கோ:
ஆனி மாதம் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கச்சேரி இருக்கிறது, பெரியவர் ஊரிலிருந்து கிட்டத்தான். பையனைப் பாட விடுங்கள். நடுவர் மேஜை தொல்லை கிடையாது, பெரியவருக்கு நடுவில் மிக்ஸர் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தருகிறேன்.

சோழவந்தான் பழையவர்:
வருகிறேன். எக்கோவை மட்டும் குறைத்து வையப்பா.