பழைய நாளிதழ்களில் காட்டுத்தீ: 1955இல் வரைபடம் விழுவது ஏன்?

கேள்வி:
வணக்கம். இன்றைய காட்டுத்தீ முன்னெப்போதும் இல்லாத அளவினதா என்று அறிய, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்களைக் கொண்ட ‘ட்ரோவ்’ தளத்தில் ‘புஷ்ஃபயர்’ (காட்டுத்தீ) என்று தேடி, கிடைத்த செய்திகளை ஆண்டுவாரியாக எண்ணினேன். 1955இல் கோடு செங்குத்தாக விழுகிறது. தீ திடீரென ஓய்ந்தது என்பதை நம்ப முடியவில்லை. எங்கே தவறினேன்?

மறுமொழி 1:
ஓய்ந்தது தீ அன்று, நாளிதழ்கள்தான். காப்புரிமை காரணமாக அத்தளத்தின் பெரும்பாலான இதழ்கள் 1954உடன் நின்றுவிடுகின்றன. 1995 வரை கிடைக்கும் ‘கான்பெரா டைம்ஸ்’ போன்ற விதிவிலக்குகள் சிலவே. எனவே ஒவ்வோர் ஆண்டின் எண்ணிக்கையையும் அவ்வாண்டில் தளத்திலுள்ள மொத்தக் கட்டுரைகளால் வகுத்துப் பாருங்கள்.

மறுமொழி 2:
தேடுசொல்லையும் மாற்றுங்கள். அக்கால இதழ்கள் ‘புஷ் ஃபயர்’ என்று இரு சொல்லாகப் பிரித்தே பெரிதும் அச்சிட்டன. மங்கிய அச்சில் ‘ஃபயர்’ என்பதை எழுத்துணரி (பக்கப் படத்திலுள்ள அச்சைப் படித்து எழுத்தாக்கும் மென்பொருள்) ‘ஃபைவ்’ என்று படித்துவிடுவதும் உண்டு. (அவ்வரியை நீங்களே அங்கு திருத்தலாம், அடுத்து வருபவருக்கு உதவும்.) ஒரே தந்திச் செய்தியைப் பல ஊர் இதழ்கள் வரி மாறாமல் வெளியிட்டிருக்கும், அவற்றை ஒன்றாகவே கொள்ளுங்கள்.

கேட்டவர்:
வகுத்ததும் அந்தச் செங்குத்துச் சரிவு மறைந்தது, நன்றி. ஆனால் பெருந்தீ எரிந்த 1851இல் செய்திகள் மிகச் சிலவே உள்ளன.

மறுமொழி 1:
அத்தீ எரிந்த விக்டோரியாவில் (இன்று ஆஸ்திரேலியாவின் ஒரு மாநிலம்) அப்போது தந்தியே இல்லை. முதல் தடம் 1854இல்தான் வந்தது. செய்தி எண்ணிக்கை அச்சுத்தொழிலின் வளர்ச்சியையே பெரிதும் அளக்கும், தீயை அன்று. 1851 பிப்ரவரி 6 ‘கறுப்பு வியாழன்’ அன்று எரிந்தது ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர், அதாவது விக்டோரியாவில் கால் பங்கு என்பது மதிப்பீடு. இறந்தவர்கள் சுமார் 12 பேர். 2009 பிப்ரவரி 7 ‘கறுப்புச் சனி’யில் எரிந்தது ஏறத்தாழ 4.5 லட்சம் ஹெக்டேர். ஆனால் 173 பேர் மாண்டனர். பரப்பை மட்டும் காட்டி ‘அன்றே இதைவிடப் பெரிது’ என்பதும், உயிரிழப்பை மட்டும் காட்டி ‘இன்றுதான் மோசம்’ என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டையும் தனித்தனி நிரல்களில் எழுதி, பரப்பு அளக்கப்பட்டதா, நிருபர் கண்ணால் மதிப்பிட்டதா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

கேட்டவர்:
அப்படியே செய்கிறேன். 71 பேரைப் பலிகொண்ட 1939 ஜனவரி 13ஆம் நாள் தீயை எடுத்துக்கொண்டு, மறுநாள் இதழ்களிலிருந்து மீண்டும் தொடங்குகிறேன்.