களனி கங்கையில் பீப்பாய் போட்டுக் கரண்ட் எடுக்கப் பார்த்த கதை: உங்களுடையதையும் சொல்லுங்கள்

மட்டக்குளியான்:
2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது பிடித்த பைத்தியம் இது. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் களனி கங்கை. இவ்வளவு தண்ணீர் சும்மா கடலுக்குப் போகிறதே, ஒரு பல்பாவது எரியாதா?

நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை நெடுக்காகப் பிளந்து, இரண்டு பாதியையும் எதிரெதிராகத் தள்ளிப் பூட்டினேன். சவோனியஸ் உருளி என்பார்கள். காற்றுக்குச் செய்தது, தண்ணீரிலும் சுற்றும். பஞ்சிகாவத்தையில் பழைய கார் ஆல்ட்டர்நேற்றர் (எஞ்சின் சுற்றும்போது பெட்டரியைச் சார்ஜ் பண்ணுவது) ஒன்றும் வாங்கினேன். முதல் பிழை அதுதான். அது சார்ஜ் பண்ண நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் வேண்டும். பீப்பாயின் விளிம்பில் சிவப்புப் பெயின்ற் அடித்துவிட்டு எண்ணிப் பார்த்தேன்: பத்துச் சுற்று!

பிறகுதான் கணக்குப் போட்டேன் (முன்பே போட்டிருக்க வேண்டும், சரி). குரும்பட்டி ஒன்றை ஆற்றில் எறிந்தேன். 10 மீற்றர் போக 20 செக்கன். அந்த வேகத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்புக்கு வரும் தண்ணீரிடம் மொத்தமாக இருப்பதே 62 வாட்தான். திறந்த ஓட்டத்தில் அதில் 59 வீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்பது ஜெர்மன் விஞ்ஞானி பெட்ஸ் கண்ட எல்லை. பீப்பாய் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தாலே பெரிய காரியம். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்காகும், உண்மைதான். ஆனால் அந்த வேகம் மழை வெள்ளத்தோடுதான் வரும். வெள்ளத்தோடு ஆகாயத்தாமரையும் வரும், சொப்பிங் பையும் வரும். ஒரு காலை போய்ப் பார்த்தால் அச்சைச் சுற்றி இடுப்பளவு பச்சைப் பொதி. பீப்பாய் அசையவில்லை. ஆல்ட்டர்நேற்றருக்குப் பதிலாகப் பூட்டிய சைக்கிள் டைனமோவில் ஒரு எல்ஈடி இரண்டு இரவு மினுங்கியதோடு சரி.

மஸ்கெலியாக்காரன்:
அண்ணே, ஆற்றின் வாலில் தேடியிருக்கிறீர்கள். தலை எங்கள் பக்கம்தான் இருக்கிறது. எஞ்சினியர் விமலசுரேந்திர 1918இலேயே மலைநாட்டு நீர்வீழ்ச்சியைக் காட்டித்தானே மின்சாரக் கணக்குச் சொன்னார்? எங்கள் தோட்டத்து ஓடையில் வினாடிக்கு 5 லீற்றர்தான் வரும். ஆனால் 20 மீற்றர் உயரத்திலிருந்து குழாயில் இறங்கும். பாதி வீணானாலும் 500 வாட் நிற்கும். சாதாரண மூன்று பேஸ் மோட்டாருக்குக் கப்பாசிட்டர் கட்டி ஜெனரேட்டராக ஓட்டினோம். யாராவது அயன் பெட்டி போட்டால் லயம் முழுக்கப் பல்பு மங்கும், அடுத்த நிமிடம் எல்லாக் கதவிலிருந்தும் ஏச்சு வரும்.

வெள்ளவத்தை வாசி:
உயரம் குறைந்த இடத்துக்குச் சுழித் தொட்டி இருக்கிறது. ஒஸ்திரியாவில் சொட்லோட்டரர் என்பவர் செய்து காட்டியது. வட்டத் தொட்டிக்குள் தண்ணீர் ஓரமாக நுழைந்து, நடுத் துவாரத்தால் சுழன்று இறங்கும், சுழிக்குள் சக்கரம். கெம்பஸில் தகரத்தில் ஒன்று செய்தோம். லோட் கூட்டியதும் சுழி குலைந்து, தண்ணீர் விளிம்பால் வழிந்து, என் சப்பாத்து நனைந்ததுதான் மிச்சம். என்னைக் கேட்டால் ஆர்க்கிமிடீஸ் திருகுதான் நல்லது. தண்ணீர் இறைப்பதைத் தலைகீழாக ஓட்டுவது. இலை குப்பைக்கு அவ்வளவு பயப்படாது. அதற்கும் ஒரு மீற்றராவது வீழ்ச்சி வேண்டுமே. கொழும்பில் கடலின் ஏற்றவற்றம்கூட அவ்வளவு இல்லை.

மட்டக்குளியான்:
அப்போ மதகு உள்ள இடமாகத்தான் பார்க்க வேண்டும். ஹங்வெல்லப் பக்கம் வயல் வாய்க்கால் வைத்திருப்பவர் யாராவது இருக்கிறீர்களா? ஆல்ட்டர்நேற்றர் இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கிறது. வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தரலாம்.