நெற்றித்தகடா, நெற்றிப்பட்டமா? கானாங்கோழிக் குடும்பப் படங்களுக்கு ஒரு சொல்

பாளையங்கோட்டையிலிருந்து:

வணக்கம். கூந்தன்குளம், விஜயநாராயணம் குளத்துப் பறவைகளின் ஓவியங்களுக்கும் ஒளிப்படங்களுக்கும் குறிப்பு எழுதும்போது ஒரு சொல் இல்லாமல் இடறுகிறது. கானாங்கோழிக் குடும்பத்து நீர்ப்பறவைகளான தாழைக்கோழி, நீலத்தாழைக்கோழி, நாமக்கோழி மூன்றிலும் மேலலகு அடியோடு நின்றுவிடாமல் நெற்றிமேல் ஏறி, இறகில்லாத சதைப்பரப்பாக விரிகிறது. ஆங்கிலத்தில் 'ஃப்ரன்டல் ஷீல்டு' என்கிறார்கள். 'நெற்றிக்கேடயம்' என்று சிலர் எழுதுகிறார்கள். கேடயம் கையில் பிடிப்பது, அடி தாங்குவது, இதற்கு ஒட்டவில்லை. 'நெற்றித்தகடு' என்று வைக்கலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சி, தகடு வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் இந்தப் பரப்பு பருத்து, நிறமும் ஏறும், பிறகு சுருங்கும். தகடு எங்கே பருக்கும்? தகடு என்று படித்துவிட்டு வரைகிறவர் உலோகப் பளபளப்பைத்தான் தீட்டுவார். உண்மையில் அது மெழுகு தடவினாற்போன்ற மினுமினுப்பு.

தாழைக்கோழியை நீர்வண்ணத்தில் தீட்டும்போது பிழை வருகிற இடமே இதுதான். முதலில் வெளிர் மஞ்சள் கலந்த ஆரஞ்சை அலகு முதல் நெற்றி வரை ஒரே பூச்சாக இழுக்க வேண்டும். ஒளி விழும் இடத்தில், மேல்வளைவுக்குச் சற்றுக் கீழே, தாளின் வெள்ளையை ஒரு கீற்று விட்டுவைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் சிவப்பு. அலகின் மஞ்சள் நுனியில் சிவப்பு படாமல் நிறுத்த வேண்டும். ஈரத்தில் பூசினால் சிவப்பு நுனிவரை ஓடிவிடும், மறுபடி மஞ்சளை மீட்க முடியாது. நிழலுக்குக் கருப்பைக் கலந்தால் பழுப்பேறிச் செத்துப்போகும். அதே சிவப்பில் அடர்ந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அலகுக்கும் நெற்றிக்கும் நடுவே கோடு போட வேண்டாம், இரண்டும் ஒரே தொடர்ச்சி.

இன்னொன்று. தலை இறகுகள் பின்னோக்கிச் சாய்ந்தவை. ஆகையால் இந்தப் பரப்பின் பின்விளிம்பில் இறகின் அடிதான் தொடங்கும், நுனி வந்து அதன்மேல் விழாது. மயிர் முன்னே விழுவதுபோல் விளிம்பைக் கலைத்து வரைந்தால் பறவைக்குக் குல்லா மாட்டியது போலிருக்கும். நாமக்கோழியில் மட்டும் கவனிக்க ஓர் இடம் உண்டு: அலகுக்கும் வெள்ளைப் பரப்புக்கும் இடையே பக்கவாட்டில் கருப்பு இறகு கூர்முனையாக உள்ளே நுழையும். அதை விட்டுவிட்டால் முகமே மாறிவிடும்.

ஒளிப்படத்தில் தொல்லை வேறு மாதிரி. நாமக்கோழியின் உடல் கருப்பாக இருப்பதால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும்; நெற்றி வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். வெயிலில் எடுத்தால் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் அளவு) குறைத்து வைத்து, கருப்பைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். தாழைக்கோழிக்கு ஒரு ஸ்டாப்பில் மூன்றில் இரண்டு பங்கு போதும். ஆனால் கேமரா காட்டும் பொது ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவல் வரைபடம்) நம்ப வேண்டாம். அது நன்றாகவே காட்டும், சிவப்பு மட்டும் தனியே எல்லை தாண்டியிருக்கும். நிறங்களைப் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்க வேண்டும். தாண்டிவிட்டால் மினுமினுப்பும் வளைவும் போய், ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் ஆகும். போலரைசர் (பளபளப்பை அடக்கும் வடிகட்டி) மாட்டினால் மினுக்கம் அடங்கும், ஆனால் ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் ஒளி போய்விடும். தலையை வெட்டிவெட்டி நடக்கிற பறவைக்கு 1/1000 நொடியாவது வேண்டாமா? மேகமூட்டமான காலைக்குக் காத்திருப்பதே மேல்.

களக்காட்டிலிருந்து:

தம்பி சொன்ன 'ஒரே தொடர்ச்சி' என்பதை நாம் வைக்கும் சொல்லும் தாங்க வேண்டும். குளத்துக்கரையில் கேட்டால் 'கொண்டை' என்பார்கள். சேவல்கொண்டை நிமிர்ந்து நிற்கும். இது படிந்து கிடக்கிறது. 'நாமம்' அழகுதான், நாமக்கோழி என்ற பெயரிலேயே இருக்கிறது. ஆனால் நாமம் பூச்சு. சிவப்பு நெற்றிக்கெல்லாம் நாமம் என்றால் ஒட்டாது. மேலும் 'இளம் பறவைக்கு நாமம் இன்னும் போடவில்லை' என்று யாராவது எழுதினால் நம்மூரில் வேறு பொருளில் சிரிப்பார்கள்.

நான் சொல்வது 'நெற்றிப்பட்டம்'. கோயில் யானைக்குக் கட்டுகிறார்களே, அது. அரசர் நெற்றியில் கட்டியதும் பட்டமே. நெற்றியோடு படியும், மினுங்கும், இறகிலிருந்து வேறுபட்ட பொருள் என்பதையும் காட்டும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியமென்றால், ஐங்குறுநூற்றில் 'வெண்ணுதல் கம்புள்' வருகிறது. இன்று கம்புள்கோழி என்று வெண்மார்புக் கானாங்கோழியைச் சொல்கிறோம். அதன் நெற்றி வெள்ளை இறகு. நாமக்கோழியின் வெள்ளையோ சதை. இரண்டையும் 'வெண்ணெற்றி' என்று எழுதினால் பார்ப்பவர் எதை வைத்துப் பிரிப்பார்?

பாளையங்கோட்டையிலிருந்து:

பட்டம் கழற்றி மாட்டுவதாயிற்றே ஐயா? அலகின் தொடர்ச்சி என்பது அதில் தெரியவில்லையே. 'நுதற்பட்டம்' என்றால் செய்யுள் வாடையும் சேரும், அது வேண்டாம். இன்னொரு சிக்கல்: பட்டம் இல்லாதவற்றை எப்படிச் சொல்வது? பிசானப் பருவ நெல்வயலுக்குக் குளிர்காலத்தில் வரும் சின்னக் கானாங்கோழி 17 முதல் 19 செ.மீ. தான், அலகு பச்சை, கண் சிவப்பு, விலாவில் கருப்புவெள்ளைக் குறுக்குவரி, நெற்றியில் ஒன்றுமில்லை. 'வெறுநெற்றி' எனலாமா?

களக்காட்டிலிருந்து:

வெறுநெற்றி என்றால் இறகில்லாத நெற்றி என்றுதான் படும். தலைகீழாகிவிடும். 'இறகுநெற்றி' என்போம். தொடர்ச்சி வேண்டுமென்றால் விளக்கத்தில் 'மேலலகிலிருந்து ஏறும் நெற்றிப்பட்டம்' என்று ஒருமுறை எழுதினால் தீர்ந்தது. சொல் ஒன்றே எல்லாச் சுமையையும் தூக்க வேண்டுமா என்ன?

அம்பாசமுத்திரத்திலிருந்து:

ஏற்கிறேன். கம்புள்கோழியின் மேலலகு அடியில் சிறு சிவப்பு வீக்கம் உண்டு, நெற்றி ஏறாது. அதை 'அலகடிச் சிவப்பு' என்று மட்டும் எழுதுவோம், பட்டம் கட்டிவிட வேண்டாம். தண்ணீர்க்கோழிச் சேவலுக்கு இனப்பெருக்கக் காலத்தில் பட்டம் உச்சந்தலைக்கு மேலே சிவந்து துருத்தும், அதற்குப் 'பட்டக்கொம்பு'. படக்குறிப்புகள் இப்படி அமையட்டும்:

தாழைக்கோழி, முதிர்ந்தது: நெற்றிப்பட்டம் சிவப்பு, அலகுநுனி மஞ்சள்.
தாழைக்கோழி, இளையது: உடல் பழுப்பு, சிவந்த பட்டம் இல்லை.
சின்னக் கானாங்கோழி: இறகுநெற்றி.
தண்ணீர்க்கோழி, சேவல்: பட்டக்கொம்பு உண்டு. படம் எடுத்த மாதத்தையும் கட்டாயம் எழுதவும், பருவம் முடிந்தால் கொம்பு சுருங்கிவிடும்.