பொங்கல் லீவுக்கு வேலூர்ப் பக்கம் தண்ணீர் பார்க்க எங்கே போகலாம்?

தாமிரபரணிக்காரி:
மாற்றலாகி வேலூர் வந்து ஏழு மாதம் ஆகிறது, சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். பொங்கலுக்கு அக்கா குடும்பத்தோடு வருகிறாள், கூடவே இரண்டு வாண்டுகள், அப்புறம் முட்டி வலியோடு அம்மா. "உங்க ஊர்ல ஆறு இருக்காடி?" என்று போனிலேயே கேட்டுவிட்டாள். பாலாற்றுப் பாலத்தைத் தினமும் பஸ்ஸில் தாண்டுகிறேன், மணலும் சீமைக்கருவேலமும்தான் கண்ணில் படுகிறது. எங்கள் பக்கம் இந்த நேரத்தில் குளமெல்லாம் நிரம்பி மறுகால் பாயும். ஆபீஸில் யாரைக் கேட்டாலும் ஏலகிரி என்ற ஒரே பதில்தான். கார் இருக்கிறது, மூன்று நாள் இருக்கிறது. வேறு எங்கே போகலாம்?

காட்பாடிக்காரன்:
ஆறு இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் மேடம், 2021 நவம்பரில் இதே பாலாறு இரு கரையையும் தொட்டுக்கொண்டு போனதைப் பார்க்க ஊரே பாலத்தில் நின்றது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் கோட்டை. அகழியில் தண்ணீர் இருக்கும், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களைக் குழந்தைகள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள், பக்கத்திலேயே பெரியார் பூங்கா. கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காணும் பொங்கல் அன்று மட்டும் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காதீர்கள், மொத்த மாவட்டமும் சாப்பாட்டு மூட்டையோடு அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

அமிர்தி இங்கிருந்து 25 கிலோமீட்டர் இருக்கும், ஜவ்வாது மலை அடிவாரம். சின்ன மிருகக்காட்சி சாலைதான், மான், மயில், முதலை என்று வாண்டுகளுக்குப் போதும். அருவிக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், அம்மாவை வாசல் பக்கம் மரத்தடியில் உட்கார வைத்துவிடுங்கள். கையில் பிஸ்கட் பாக்கெட் வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும். என் மகன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

ஏரிக்கரை_வாலாஜா:
தங்கச்சி, ஆற்றுத் தண்ணீரை ஆற்றில் தேடினால் எப்படி? வாலாஜா பக்கத்தில் புதுப்பாடி அணைக்கட்டு இருக்கிறது, அங்கே பாலாற்றை மறித்துக் கால்வாயில் திருப்பி விடுகிறார்கள், அது காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர் என்று ஏரி ஏரியாகப் போய்ச் சேர்கிறது. நீங்கள் மறுகால் என்பதை நாங்கள் ஏரி கோடி போகிறது என்போம். நல்ல மழை பெய்த வருஷம் என்றால் பொங்கலுக்குக் காவேரிப்பாக்கம் ஏரி தளும்பிக்கொண்டுதான் இருக்கும். சென்னை ரோட்டில் ஒரு மணி நேரம். பூங்கா, ஊஞ்சல், டிக்கெட் எதுவும் கிடையாது, அதனால்தான் ஆபீஸில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை போல. மாலை நாலரைக்குக் கரையில் நின்று பாருங்கள், நட்டுவைத்த கழியின் மேல் நீர்க்காகம் இரண்டு இறக்கையையும் விரித்து ஈரத் துணி மாதிரி காயவைத்துக்கொண்டிருக்கும், கீழே வலையிலிருந்து கெண்டையைப் பிரித்துக் கூடையில் போடுவார்கள். வாண்டுகளின் கையை மட்டும் விடாதீர்கள், கரைக்குத் தடுப்பு கிடையாது.

அங்கிருந்து மகேந்திரவாடியும் எட்டிப் பார்த்துவிடுங்கள். தனியாக நிற்கும் ஒரே பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் பெருமாளுக்குச் செய்த கோயில், ஏழாம் நூற்றாண்டு. ஏரிக்கும் அவன் பெயர்தான், மகேந்திர தடாகம் என்று அங்குள்ள கல்வெட்டிலேயே இருக்கிறது.

ஆலங்காயத்தான்:
ஏலகிரியை இப்படி ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் தமிழ்ப் புலவர், வள்ளல் பெயர்ப் பலகை, பின் சீட்டில் இருப்பவர்கள் படித்துக்கொண்டே வருவார்கள் (வாந்தி வராத வரை). புங்கனூர் ஏரியில் படகு இருக்கிறது. ஆனால் விடுமுறையில் மலையில் தங்கவே தங்காதீர்கள். போன வருஷம் ஒரு விடுதியில் ஏரி தெரியும் அறை என்று முன்பணம் வாங்கிவிட்டு, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி தெரிகிற அறையைக் கொடுத்தார்கள். காலையில் ஏறி மதியம் இறங்கிவிடுங்கள்.

சனிக்கிழமை அமைந்தால் எங்கள் ஊர் வழியாகக் காவலூர் வாங்க. வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் அகலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி இருக்கிறது, 1986-ல் திறந்தது. பார்வையாளர் நேரத்தை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தாமிரபரணிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. முதல் நாள் கோட்டை, காணும் பொங்கலன்று காவேரிப்பாக்கமும் மகேந்திரவாடியும், சனிக்கிழமை காவலூர். ஏலகிரியை அக்கா வீட்டுக்காரர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். வாலாஜா அண்ணா, அந்தக் கெண்டையைக் கரையிலேயே விலைக்குத் தருவார்களா? அம்மா கேட்கச் சொன்னாள்.

ஏரிக்கரை_வாலாஜா:
தருவாங்க. பை கொண்டு வாங்க. திரும்பும்போது ஆற்காட்டில் மக்கன் பேடா இனிப்பும் வாங்கிக்கொள்ளுங்கள், மீன் பையோடு சேர்த்து வைக்காமல்.